பால்போசிக்லிப், ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப்: மார்பகப் புற்றுநோயில் எது யாருக்குப் பொருந்தும்?

பயாப்சி அறிக்கையில் "ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்" என்று வந்திருக்கிறது. அதாவது கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது, ஹெர்2 என்ற புரதம் அளவுக்கு மீறி இல்லை. ஹார்மோன் சிகிச்சையோடு இன்னொரு மாத்திரையும் வேண்டும் என்கிறார் மருத்துவர். அது பால்போசிக்லிப், ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் என்ற மூன்றில் ஒன்று. மூன்றும் செல் பிரிதலைத் தடுக்கும் ஒரே வகை மருந்துகள் என்று சொல்லப்படுவதால் வாசகர்கள் பலர் இரண்டு கேள்விகளில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே வகை என்றால் எதை எடுத்தாலும் ஒன்றுதானே? இல்லையென்றால், எது சிறந்தது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது நோயாளியின் இதயம், குடல், கல்லீரல், அவர் ஏற்கெனவே எடுக்கும் மற்ற மாத்திரைகள். "எது வீரியமான மருந்து" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

## இந்த மருந்துகள் எதைத் தடுக்கின்றன?

ஒரு செல் இரண்டாவதற்கு முன் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். அந்த வேலையில் இறங்கலாமா வேண்டாமா என்று முடிவாகும் இடத்தில் ஆர்பி என்ற புரதம் காவல் நிற்கிறது. டிஎன்ஏ படியெடுப்புக்குத் தேவையான மரபணுக்களை இயக்குவது இ2எஃப் என்ற இன்னொரு புரதம். ஆர்பி அதைப் பிடித்து வைத்திருக்கும்வரை செல் பிரியாது.

ஆர்பியின் பிடியைத் தளர்த்துவது சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டு நொதிகள். இவை ஆர்பியின் மேல் பாஸ்பேட் குழுக்களை ஒட்டுகின்றன. பாஸ்பேட் ஏற ஏற ஆர்பி இ2எஃப்பை விட்டுவிடுகிறது, செல் பிரியத் தொடங்குகிறது. ஆனால் இந்த நொதிகள் தனியாக வேலை செய்யாது. சைக்ளின் டி என்ற புரதம் வந்து சேர்ந்தால்தான் அவற்றுக்கு உயிர் வரும். சைக்ளின்களை முதலில் கண்டவர் டிம் ஹன்ட். 1982-இல் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு செல் பிரிதலுக்கும் முன் சேர்ந்து, பிரிதலின்போது அழிந்துபோகும் ஒரு புரதத்தைக் கவனித்தார். அந்தப் பணிக்காக 2001-இல் லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மார்பகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியோடு சேர்ந்ததும் அந்தச் செல்லில் சைக்ளின் டி1 உற்பத்தி கூடுகிறது. மார்பகச் செல்களைப் பெருகச் சொல்லும் ஹார்மோன் கட்டளை ஆர்பிக்குப் போய்ச் சேரும் வழி இதுதான். சைக்ளின் டி1 இல்லாத எலிகளுக்குக் கர்ப்ப காலத்தில் பால் சுரப்பிகள் முழுமையாக வளர்வதில்லை. அதே எலிகளில் ஹெர்2 வகை மரபணுவைத் தூண்டி மார்பகப் புற்றுநோயை உண்டாக்கப் பார்த்தாலும் வருவதில்லை என்று 2001-இல் தெரியவந்தது. இயல்பான வளர்ச்சிக்கும் புற்றுநோய்க்கும் பாதை ஒன்றே என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

புற்றுநோய் இந்தப் பாதையைப் பல வழிகளில் தன்வசமாக்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 15 சதவீத மார்பகப் புற்றுநோய்களில் சைக்ளின் டி1 மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. மரபணு பெருகாத கட்டிகள் பலவற்றிலும் அந்தப் புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது. சிலவற்றில் சிடிகே4, சிடிகே6 இரண்டையும் அடக்கி வைக்கும் பி16 என்ற புரதம் தொலைந்துபோகிறது. எப்படியானாலும் முடிவு ஒன்றுதான்: ஆர்பி ஓயாமல் பாஸ்பேட் ஏற்றப்படுகிறது, செல் ஓயாமல் பிரிகிறது.

ஹார்மோன் சிகிச்சை இந்தச் சங்கிலியின் மேல்முனையை, அதாவது ஈஸ்ட்ரோஜனை, அறுக்கிறது. நம் மூன்று மாத்திரைகள் நடுவில் இருக்கும் சிடிகே4, சிடிகே6 நொதிகளை அடைக்கின்றன. இரண்டு இடத்தில் அடைத்தால் செல் தப்பிக்க வழி குறைவு. அதனால்தான் இவை பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்தே தரப்படுகின்றன.

இங்கே ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "அப்படியானால் எனக்குச் சைக்ளின் பரிசோதனை செய்து பார்த்துத்தானே மருந்து தர வேண்டும்?" கேள்வி நியாயமானது. பால்போசிக்லிப்பின் ஆரம்ப ஆய்வான பலோமா-1 இதைச் செய்தே பார்த்தது. சைக்ளின் டி1 பெருகியவர்கள் அல்லது பி16 இழந்தவர்கள் என்று ஒரு குழுவைத் தனியாகப் பிரித்தார்கள். அப்படிப் பொறுக்கியெடுத்ததால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்பதே இன்றுவரை நம்பத்தகுந்த அடையாளம். ஆகவே சைக்ளின் அளவைப் பார்க்கும் தனிப் பரிசோதனைக்குப் பணமும் நேரமும் செலவழிக்க வேண்டியதில்லை.

## எதை வைத்து எடை போடுவது?

மருந்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் இவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்:

- நோயின் கட்டம். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டு, திரும்பி வராமல் தடுக்கத் தரும் மருந்தா? அல்லது எலும்பு, கல்லீரல், நுரையீரல் என்று பரவிய நோயைக் கட்டுப்படுத்தத் தரும் மருந்தா?
- சான்று எதற்கு? நோய் வளராமல் நிற்கும் காலம் கூடியதா, ஆயுளும் கூடியதா என்பவை இரண்டு வேறு கேள்விகள்.
- உடல் எங்கே பலவீனமாக இருக்கிறது? இதயம், குடல், கல்லீரல், ரத்த உறைவு.
- கூடவே எடுக்கும் மருந்துகள்.
- பரிசோதனைகளுக்கு எத்தனை முறை போய்வர வேண்டும்?
- மாதவிடாய் நின்றுவிட்டதா இல்லையா?

முதலிரண்டும் மற்றவற்றைவிடக் கனமானவை. நோயின் கட்டம் ஒரு மருந்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும் அளவுக்கு முக்கியம்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கீழே வரும் மாதக் கணக்குகள் எல்லாம் இடைநிலை அளவுகள். ஆய்வில் இருந்தவர்களில் சரிபாதிப் பேர் அந்தக் காலத்தைத் தாண்டினார்கள் என்று பொருள், உங்களுக்கு அவ்வளவுதான் என்று பொருள் அல்ல. ஒரு ஆய்வின் எண்ணை இன்னொரு ஆய்வின் எண்ணோடு நேராக ஒப்பிடவும் கூடாது. ஒவ்வொரு ஆய்விலும் சேர்ந்த நோயாளிகள் வேறு. கீழே வரும் ஆய்வுகள் எதிலும் இந்த மூன்று மருந்துகளும் நேருக்கு நேர் மோதவில்லை. பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடுதான் ஒப்பிடப்பட்டன.

## பால்போசிக்லிப்

மூவரில் மூத்தது இது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-இல் அனுமதித்தது. நாளைக்கு ஒரு முறை 125 மில்லிகிராம், 21 நாள் எடுத்து 7 நாள் இடைவெளி.

பரவிய நோயில் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையோடு சேர்த்துத் தந்தபோது (பலோமா-2) நோய் கூடாமல் நின்ற காலம் 14.5 மாதத்திலிருந்து 24.8 மாதமானது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஆயுள் என்று வரும்போது கணக்கு தடுமாறுகிறது: 53.9 மாதம், லெட்ரோசோல் மட்டும் பெற்ற எதிரணியில் 51.2 மாதம். புள்ளியியல்படி இது வித்தியாசமாகக் கொள்ளத்தக்கதல்ல. ஆய்வில் இருந்த பலரின் பிற்கால விவரம் கிடைக்காமல் போனதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதை ஒப்புக்கொண்டாலும், ஆயுள் கூடும் என்பதற்கான உறுதியான சான்று பரவிய நோய்க்குத் தரும் முதல் கட்டச் சிகிச்சையில் இந்த மருந்துக்கு இல்லை என்பதே நிலை.

பக்க விளைவில் முதலிடம் வெள்ளை அணுக்களுக்கு. அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில்லின் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பேருக்கு 1000-க்குக் கீழே போகிறது. ரத்த அறிக்கையில் அந்த எண்ணைச் சிவப்பில் பார்த்ததும் குடும்பமே பதறிப்போவது இயல்பு. ஆனால் கீமோவில் அதே எண் சொல்லும் செய்தி வேறு, இங்கே வேறு. கீமோ எலும்பு மஜ்ஜையில் உள்ள இளம் செல்களைக் கொல்கிறது. புதியவை முளைத்துத்தான் எண்ணிக்கை ஏற வேண்டும். சிடிகே தடுப்பான்களோ அந்த இளம் செல்களைக் கொல்லாமல் பிரிய விடாமல் நிறுத்தி வைக்கின்றன. ஏனென்றால் ரத்தச் செல்கள் பெருகுவதற்கும் சிடிகே6 தேவைப்படுகிறது. மாத்திரையை நிறுத்தினால் அதே செல்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. அந்த 7 நாள் இடைவெளி இதற்குத்தான். எண்ணிக்கை இவ்வளவு இறங்கியும் காய்ச்சலோடு கூடிய கடும் குறைபாடு 2 சதவீதத்தை ஒட்டியே இருப்பதற்கும் காரணம் இதுவே. ஆனாலும் காய்ச்சல் வந்தால் அலட்சியம் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றபடி மூன்றிலும் தினசரி வாழ்க்கையைக் குறைவாகத் தொந்தரவு செய்வது இதுதான். இதயத்தின் மின்துடிப்பைப் பெரிதாகக் கலைப்பதில்லை, குடலைப் படுத்துவதில்லை, ரத்தப் பரிசோதனை தவிர வேறு கண்காணிப்பு குறைவு. வயதானவர்களுக்கும் பல மருந்துகளோடு வாழ்பவர்களுக்கும் இது சின்ன விஷயமல்ல.

ஆரம்பக் கட்ட நோயில் நிலைமை நேரெதிர். பலாஸ் ஆய்வில் 5700-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2 ஆண்டு மருந்து தந்தும் நோய் திரும்புவது குறையவில்லை. பெனலோப்-பி ஆய்வும் கைவிரித்தது. ஆகவே அறுவை சிகிச்சைக்குப் பின் தடுப்பாகத் தர இந்த மருந்துக்கு இடமில்லை. யாராவது பரிந்துரைத்தால் காரணம் கேளுங்கள்.

இரண்டு சிறப்புச் சூழல்களில் இதற்குத் தனி இடம் உண்டு. கட்டியில் பிக்3சிஏ மரபணு மாற்றம் இருந்து, ஹார்மோன் தடுப்பு மருந்து எடுக்கும்போதோ முடித்த கொஞ்ச காலத்திலோ நோய் திரும்பியவர்களுக்கு அந்த மரபணுவின் பாதையை அடைக்கும் இனாவோலிசிப், ஹார்மோன் சிகிச்சை ஊசியான ஃபுல்வெஸ்ட்ரன்ட் இரண்டோடும் பால்போசிக்லிப் சேர்த்துத் தரப்படுகிறது. இந்தக் கூட்டணிக்கு 2024-இல் அனுமதி கிடைத்தது. இனாவோலிசிப் இல்லாமல் மற்ற இரண்டு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், நோய் நின்ற காலம் 7.3 மாதத்திலிருந்து 15 மாதமானது. ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 இரண்டும் பாசிட்டிவாக உள்ள பரவிய நோயில், கீமோ முடிந்தபின் தொடர் சிகிச்சையில் இதைச் சேர்த்த பட்டினா ஆய்வும் நல்ல பலன் காட்டியது.

## ரைபோசிக்லிப்

2017 மார்ச்சில் அனுமதி பெற்றது. பரவிய நோய்க்கு 600 மில்லிகிராம், ஆரம்பக் கட்ட நோய்க்கு 400 மில்லிகிராம். இரண்டிலும் 21 நாள் எடுத்து 7 நாள் இடைவெளி.

இதன் பலம் ஆயுள் பற்றிய சான்று. மோனலீசா-2 ஆய்வில் லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்கள் 51.4 மாதம், ரைபோசிக்லிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் 63.9 மாதம். ஒரு வருடத்துக்கு மேல் கூடுதல். ஃபுல்வெஸ்ட்ரன்டோடு சேர்த்த மோனலீசா-3 ஆய்வில் 41.5 மாதம் 53.7 ஆனது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கென்றே நடத்திய மோனலீசா-7 ஆய்வில் 48 மாதம் 58.7 ஆனது. மூன்று தனித்தனி ஆய்வுகள், மூன்றிலும் ஆயுள் கூடியது. தற்செயல் என்று ஒதுக்க முடியாத ஒழுங்கு இது.

இளம் வயதுப் பெண்களுக்கு நோய் வேகமாகப் பரவி, கல்லீரலோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருந்தால், "முதலில் கீமோ கொடுத்து அடக்குவோம்" என்பது நெடுநாள் வழக்கம். ரைட் சாய்ஸ் என்ற ஆய்வு இதையே கேள்வி கேட்டது. இரட்டைக் கீமோவில் 12.8 மாதம் நோய் நின்றது; ரைபோசிக்லிப்பும் ஹார்மோன் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு 21.8 மாதம். கீமோ என்றால்தான் வேகமாக வேலை செய்யும் என்று பயந்துபோய் இருக்கும் குடும்பங்கள் இந்த ஆய்வைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

விலை எங்கே? இதயத்தில். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இசிஜியில் இதை க்யூடி இடைவெளியாக அளக்கிறார்கள். ரைபோசிக்லிப் இதை நீட்டக்கூடும். மிக அதிகமாக நீண்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். ஆகவே தொடங்கும் முன் ஒரு இசிஜி, முதல் 28 நாள் சுற்றின் 14-ஆம் நாள் வாக்கில் இன்னொன்று. க்யூடி 450 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தால்தான் தொடங்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் சரியாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் சிக்கல் வருவது இன்னொரு வாசல் வழியாக. குமட்டலுக்குச் சாதாரணமாகத் தரும் ஒன்டான்செட்ரான், சளிக்குத் தரும் சில ஆன்டிபயாட்டிக்குகள், மனச்சோர்வுக்கான சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் ஆகியவையும் க்யூடியை நீட்டுபவை. புற்றுநோய் மருத்துவர் கவனமாக இருப்பார். பல்வலிக்கோ காய்ச்சலுக்கோ போன இடத்தில் எழுதித் தரும் வேறு மருத்துவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையோடு ரைபோசிக்லிப்பைச் சேர்க்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

கல்லீரல் நொதிகள் கடுமையாக உயர்வது ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு நடக்கிறது. முதல் 2 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கல்லீரல் பரிசோதனை வேண்டும்.

ஆரம்பக் கட்டத்திலும் இதற்கு இடமுண்டு. நடாலி ஆய்வில் 4 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 88.5 சதவீதம், ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 83.6 சதவீதம். 2024 செப்டம்பரில் இரண்டாம், மூன்றாம் நிலை நோய்க்கு அனுமதி கிடைத்தது. நிணநீர்க் கணுவுக்குப் பரவாத, ஆனால் வேறு வகையில் ஆபத்து கூடிய சிலரும் இதில் அடங்குவார்கள். அவர்களுக்கு அபெமாசிக்லிப் கிடையாது என்பதால் இது முக்கியம். ஆனால் 3 ஆண்டு எடுக்க வேண்டும்.

## அபெமாசிக்லிப்

2017 செப்டம்பரில் அனுமதி. மற்ற இரண்டிலிருந்தும் இது கொஞ்சம் விலகி நிற்கிறது. சிடிகே6-ஐவிட சிடிகே4-ஐ அதிகமாக அடைக்கிறது. மார்பகச் செல்லுக்கு முக்கியம் சிடிகே4, ரத்தச் செல்லுக்கு சிடிகே6. அதனால் வெள்ளை அணுக்கள் குறைவது மற்ற இரண்டையும்விடக் கம்மி. அதனால்தான் இடைவெளியே இல்லாமல், 150 மில்லிகிராம் தினமும் இரண்டு வேளை எடுக்க முடிகிறது. ஹார்மோன் துணையின்றித் தனியாகவும் ஓரளவு வேலை செய்வது இது ஒன்றுதான்: பல சிகிச்சைகள் முடிந்துபோனவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது.

ஆனால் குடல் விலை கொடுக்கிறது. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. கடுமையான அளவுக்குப் போவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு. முதல் மாதத்தைச் சமாளித்துவிட்டால் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். லோப்பெரமைடு மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்து, முதல் முறை இளகிப் போனதுமே மருத்துவர் சொன்ன அளவில் எடுக்க வேண்டும். "இரண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளக் கூடாது. முதல் மாதத்தில் வேலைக்குப் போவது, பயணம், கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் தேர்வின் ஒரு பகுதி. இதை மருத்துவரிடம் பேச யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ரத்த உறைவு இரண்டாவது கவலை. மோனார்க்-இ ஆய்வில் 2.5 சதவீதம் பேருக்கு வந்தது, எதிரணியில் 0.6 சதவீதம். டாமாக்சிஃபெனோடு எடுத்தவர்களுக்கு இன்னும் கூடுதல். முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே போக வேண்டும்.

அப்புறம், பலரை வீணாகப் பயமுறுத்தும் ஒரு விஷயம்: சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்க அளக்கும் கிரியாட்டினின் உயர்கிறது. சிறுநீரகக் குழாய்கள் கிரியாட்டினினை வெளியேற்றும் வழியை இந்த மருந்து அடைப்பதால் ரத்தத்தில் அது கூடித் தெரிகிறது. சிறுநீரகம் கெட்டதால் அல்ல. சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம்.

சான்றைப் பொறுத்தவரை, இதன் கோட்டை ஆரம்பக் கட்ட நோய். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் பரவியவர்கள், அல்லது ஒன்று முதல் மூன்று கணுக்களோடு 5 சென்டிமீட்டர் கட்டியோ மூன்றாம் கிரேடோ உள்ளவர்கள் என ஆபத்து மிகுந்தவர்களை மோனார்க்-இ எடுத்துக்கொண்டது. 2 ஆண்டுதான் மருந்து. 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பாதவர்கள் 83.6 சதவீதம், எதிரணியில் 76 சதவீதம். மருந்தை நிறுத்திய பிறகும் இடைவெளி விரிந்துகொண்டே போனது. 2025-இல் வந்த முடிவுகளில் ஆயுளும் கூடியது தெரிந்தது.

பரவிய நோயில், ஃபுல்வெஸ்ட்ரன்டோடு சேர்த்தபோது ஆயுள் 37.3 மாதத்திலிருந்து 46.7 மாதமாகக் கூடியது. லெட்ரோசோல் வகையோடு முதல் கட்டத்தில் சேர்த்த மோனார்க்-3 ஆய்வில் 66.8 மாதம், எதிரணியில் 53.7. எண் பெரியது, ஆனால் புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை.

மூளைக்குள் நுழையும் மருந்து என்று இதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். நுழைவது உண்மை. ஆனால் மூளையில் பரவியவர்களிடம் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது கட்டி நன்றாகச் சுருங்கியது 5 சதவீதத்தை ஒட்டித்தான். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பது சரியாக இருக்காது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பால்போசிக்லிப் | ரைபோசிக்லிப் | அபெமாசிக்லிப் |
|---|---|---|---|
| எடுக்கும் முறை | நாளைக்கு 1 முறை, 21 நாள் + 7 நாள் இடைவெளி | நாளைக்கு 1 முறை, 21 நாள் + 7 நாள் இடைவெளி | நாளைக்கு 2 முறை, இடைவெளி இல்லை |
| பரவிய நோயில் ஆயுள் சான்று | உறுதியாகவில்லை | மூன்று ஆய்வுகளில் உறுதி | ஃபுல்வெஸ்ட்ரன்டோடு உறுதி. முதல் கட்டத்தில் புள்ளியியல்படி உறுதியாகவில்லை |
| ஆரம்பக் கட்ட நோய் | இடமில்லை | உண்டு, 3 ஆண்டு | உண்டு, 2 ஆண்டு. ஆபத்து மிகுந்தவர்களுக்கு |
| முதன்மைத் தொந்தரவு | வெள்ளை அணுக்கள் | வெள்ளை அணுக்கள், க்யூடி, கல்லீரல் | வயிற்றுப்போக்கு, ரத்த உறைவு |
| இசிஜி | வழக்கமாக வேண்டாம் | கட்டாயம் | வழக்கமாக வேண்டாம் |
| டாமாக்சிஃபெனோடு | வழக்கமில்லை | கூடாது | உறைவு ஆபத்தோடு, கவனமாக |

## கண்ணில் படாத செலவுகள்

மாத்திரையின் விலையை எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு வெளியே போகும் செலவை யாரும் கணக்கிடுவதில்லை. மூன்றிலும் முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. ஆய்வகம் தொலைவில் இருந்தால், கூட ஒருவர் வர வேண்டியிருந்தால், அந்த நாட்கள் எல்லாம் வேலையிலிருந்து கழிகின்றன.

மூன்றையும் கல்லீரலில் உடைப்பது சிஒய்பி3ஏ4 என்ற நொதி. கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல், கிரேப்ஃப்ரூட் பழம் ஆகியவை அதை மந்தமாக்கி மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின், ஃபெனிட்டோயின், கார்பமாசெப்பின் அதைத் துரிதப்படுத்தி மருந்தை வீணாக்கும். காசநோய்க்கோ வலிப்புக்கோ சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது பெரிய முடிச்சு. புற்றுநோய் மருத்துவரும் அந்தச் சிகிச்சை தரும் மருத்துவரும் கலந்து பேசித்தான் மாத்திரையை மாற்ற வேண்டும். கடையில் தானாக வாங்கும் மூலிகைச் சத்து மாத்திரைகளையும் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆரம்பக் கட்ட நோயாளிக்கு இன்னொரு செலவு உண்டு. உடலில் நோய் தென்படாத நேரத்தில் 2 அல்லது 3 ஆண்டு பக்க விளைவோடு வாழ்வது. மோனார்க்-இ, நடாலி இரண்டிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பக்க விளைவு தாளாமல் நிறுத்தினார். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது: மோனார்க்-இ ஆய்வில் அளவைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்தவர்களுக்குப் பலன் குறைந்ததாகத் தெரியவில்லை. தாங்க முடியவில்லை என்றால் அடுத்த வழி நிறுத்துவதல்ல, அபெமாசிக்லிப்பில் 150-இலிருந்து 100-க்கு இறங்குவது.

குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு இவை கருவைப் பாதிக்கும் மருந்துகள். கருமுட்டை சேமிப்பு வேண்டுமானால் அந்தப் பேச்சு மாத்திரை தொடங்குவதற்கு முன் நடக்க வேண்டும்.

## நான்காவது வழி: முதலில் ஹார்மோன் மட்டும், இது பிறகு

மூன்றில் எது என்று கேட்பவர்கள் இந்த வழியை மறந்துவிடுகிறார்கள். நெதர்லாந்தில் 1050 பெண்களிடம் நடந்த சோனியா ஆய்வு, சிடிகே தடுப்பானை முதல் சிகிச்சையிலேயே தருவதையும், ஹார்மோன் சிகிச்சை மட்டும் தந்து நோய் வளர்ந்த பிறகு இரண்டாவதாகத் தருவதையும் ஒப்பிட்டது. இரண்டு கட்டங்களும் முடியும்வரையிலான காலம் 31 மாதம், 26.8 மாதம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை; ஆயுளிலும் இல்லை. முதலிலேயே தொடங்கியவர்கள் இந்த மாத்திரையை 16.5 மாதம் கூடுதலாக எடுத்தார்கள், கடுமையான பக்க விளைவுகளும் அவர்களுக்கே அதிகம்.

இதில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலோர் எடுத்தது பால்போசிக்லிப். ரைபோசிக்லிப்பின் ஆயுள் முடிவுகளை இதைக் காட்டித் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நோய் எலும்பில் மட்டும் இருந்து, மெதுவாக நகர்ந்து, மருந்துக்கான வசதியும் கண்காணிப்புக்கான வசதியும் குறைவாக இருந்தால், ஹார்மோன் சிகிச்சையோடு தொடங்குவது தோல்வியோ கைவிடலோ அல்ல. மருத்துவ ரீதியாக நியாயமான திட்டம் அது.

## எந்தச் சூழலில் எது?

அறுவை சிகிச்சை முடிந்து, கணுக்களில் அதிகம் பரவியிருந்தால்: அபெமாசிக்லிப்தான் என் முதல் தேர்வு. சான்று நீளமானது, காலம் 2 ஆண்டே. குடல் நோய் உள்ளவர்கள், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் ரைபோசிக்லிப்பைப் பார்க்கலாம்.

அறுவை சிகிச்சை முடிந்து, கணுவில் பரவாமல் வேறு ஆபத்துக் கூறுகள் இருந்தால்: ரைபோசிக்லிப் பற்றிப் பேசலாம்.

பரவிய நோய், முதல் சிகிச்சை, இதயம் சீராக இருக்கிறது: ரைபோசிக்லிப். மாதவிடாய் நிற்காதவர்களுக்கும் இதுவே, சினைப்பையின் செயலை அடக்கும் ஊசியோடு.

க்யூடி நீண்டிருக்கிறது, அல்லது அதை நீட்டும் மருந்தை நிறுத்த முடியாது: அபெமாசிக்லிப் அல்லது பால்போசிக்லிப்.

வயது முதிர்ந்தவர், பல நோய்கள், நீர்ச்சத்து குறைந்தால் தாங்காத உடல்: பால்போசிக்லிப். ஆயுள் சான்றில் பின்தங்கியிருந்தாலும், விடாமல் எடுக்க முடிகிற மருந்துக்கே பலன் உண்டு.

ஒன்றை எடுத்தபோதே நோய் வளர்ந்துவிட்டது: அதே குடும்பத்தில் இன்னொன்றுக்கு மாறினால் கிடைப்பது சில மாதங்களே. அந்த நேரத்தில் ஆர்பி தொலைந்தோ ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு மாறியோ இருக்கலாம். ரத்தத்திலிருந்தே இஎஸ்ஆர்1 (அந்த ஏற்பியின் மரபணு), பிக்3சிஏ மாற்றங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இஎஸ்ஆர்1 மாறியிருந்தால் எலசெஸ்ட்ரன்ட், பிக்3சிஏ வழியில் மாற்றம் இருந்தால் கேப்பிவாசெர்டிப் என்று வேறு கதவுகள் இருக்கின்றன.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கையில் கொண்டுபோக வேண்டியவை: பயாப்சி அறிக்கையின் நகல், கணுக்களின் எண்ணிக்கையும் கட்டியின் அளவும் கிரேடும் உள்ள அறுவை சிகிச்சை அறிக்கை, அண்மையில் எடுத்த இசிஜி, இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். கேட்க வேண்டிய கேள்வி: "எனக்கு இந்த மருந்தைச் சொல்வது என் நோயின் எந்த அம்சத்தைப் பார்த்து? தாங்காவிட்டால் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா?"